சிவப்புக் குச்சியும் கடற்காகமும்

கார்ட்டூன் பறவை வரையப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது கடற்காகத்தைத்தான். மயிலும் கிளியும் நிறைய வண்ணம் கேட்கும், நிறைய வேலை வாங்கும். கடற்காகத்துக்கு ஒரு பென்சிலும் ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவும் போதும். உடம்பு பெரும்பாலும் வெள்ளை என்பதால் பாதி வேலையைத் தாளே பார்த்துக்கொள்ளும்.

தொடக்கம் ஒரு முட்டை. அதைப் படுக்கவைத்து, பருத்த பக்கத்தை முன்னால் சற்றுத் தூக்கிவிட வேண்டும். அந்தப் பக்கத்தின் மேல் ஒரு சின்ன வட்டம், அது தலை. கழுத்தென்று தனியாக எதுவும் வேண்டாம். தொண்டையிலிருந்து மார்புக்கு ஒரே வளைவாகக் கோடு இறங்கட்டும். மடித்த இறக்கையின் நுனியை வாலையும் தாண்டி நீளவிட்டு, அந்த நுனியை மட்டும் கறுப்பாக்குங்கள். அது இல்லாவிட்டால் படத்தில் இருப்பது புறா. அந்தக் கறுப்புக்குக் காரணமும் உண்டு. இறகுக்குக் கருமை தரும் மெலனின் அதைத் தேயாமல் காக்கிறது. நெடுந்தூரம் பறக்கும் பறவைக்கு முதலில் தேய்வது இறக்கை நுனிதானே!

கால்களைப் பெரும்பாலானவர்கள் வால் பக்கம் தள்ளி வைத்துவிடுகிறார்கள். பறவை முகங்குப்புற விழப் பார்க்கும். முட்டையின் நடுவுக்கு நேர் கீழே இரண்டு கோடு போட்டால் நிமிர்ந்து நின்றுவிடும். முழங்கால் பின்புறமாக மடிகிறதே என்று குழம்ப வேண்டாம். நாம் பார்ப்பது அதன் கணுக்கால், முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. பாதத்துக்கு ஒரு முக்கோணம் போதும். விரல்களுக்கு நடுவே சவ்வு இருப்பதால் அது பொய்யும் ஆகாது.

இவ்வளவும் தாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வாய்ப்பிருப்பவர்கள் மாசி முடிவதற்குள் ஒருமுறை இராமேசுவரம் மீன்பிடி துறைமுகத்துக்குப் போய்விடுங்கள். லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் பனிக்காலத்துக்கு நம் கரைகளுக்கு வருகின்றன. இங்கே இருக்கும் நாட்களில் தலையின் பழுப்பு போய்விடும். கண்ணுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு திட்டு மட்டும் மிஞ்சும், மை தொட்ட விரலை வைத்து எடுத்தது போல. வரைகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த ஒரு திட்டை வைத்தால் ஊரும் பருவமும் சேர்ந்தே படத்துக்குள் வந்துவிடும்.

பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருந்தபோது, விசைப்படகின் விளிம்பில் நின்ற பறவையின் அலகு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பறவை தலையை உதறியது. சொட்டு தெறித்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று திரண்டது.

“சார், அதுக்குச் சளியா?” என்றான் ஒரு பையன்.

சளி இல்லை, உப்பு. கடற்காகம் கடல்நீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க, அந்த உப்புநீர் மூக்குத் துளை வழியாக வந்து அலகில் வடிகிறது. சொன்னதும் எல்லோரும் அவரவர் படத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டார்கள். கண்ணெதிரே கண்டு சேர்த்த சொட்டு. எந்த மாதிரிப் படத்திலும் அது இருந்திருக்காது. எனக்கு அன்று பெரிய மகிழ்ச்சி.

எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது என்பதில்தான் கார்ட்டூன் இருக்கிறது. கடற்காகக் குஞ்சுக்கே அது தெரியும் என்று நான் நம்புகிறேன். ஐரோப்பாவின் ஹெரிங் கடற்காகத்துக்கு மஞ்சள் அலகு, அதன் கீழ்ப்பாதியில் ஒரு சிவப்புப் புள்ளி. குஞ்சு அந்தப் புள்ளியைக் கொத்தினால் தாய் இரையைக் கக்கிக் கொடுக்கும். 1973இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கன் விதவிதமான பொய்த் தலைகளைச் செய்து குஞ்சுகளிடம் நீட்டிப் பார்த்தார். தத்ரூபமாகச் செய்த தலையைவிட, மூன்று வெள்ளை வளையங்கள் போட்ட மெல்லிய சிவப்புக் குச்சியைக் குஞ்சுகள் அதிகம் கொத்தின! தலையும் இல்லை, கண்ணும் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1999இல் வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்தக் குச்சியைக் கொண்டு கலையை விளக்கப் பார்த்தார். கேலிச்சித்திரக்காரர் மூக்கை நீட்டுவதும், சோழர் கால வெண்கலப் பார்வதியின் இடை அத்தனை மெலிந்திருப்பதும் ஒரே வழியில் நம் மூளையைத் தொடுகின்றன என்பது அவர் கருத்து. கலை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கார்ட்டூனுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

அதனால்தான் கடற்காகத்துக்கு மாலுமித் தொப்பி மாட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. தொப்பியை எடுத்துவிட்டால் அங்கே பறவை இருக்காது. பறவையிடம் இருப்பதையே கூட்டுங்கள். அலகைச் சிவப்பாக்கி, நுனியைக் கறுத்து, உள்ளதைவிடக் கொஞ்சம் தடிக்க விடுங்கள். கண்ணை வட்டத்தின் நடுவில் வைக்காமல் அலகை ஒட்டி, மேலே தள்ளி வையுங்கள். வளர்ந்த பறவைக்கு வெளிறிய விழி, நடுவே சின்னக் கருமணி. கண்ணுக்கு மேலே ஒரு சாய்ந்த கோடு போட்டால் கண்டிப்பு வந்துவிடும். சிரிப்பு வேண்டுமென்றால் வாயின் கடைக்கோட்டைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துச் சற்றே மேலே ஏற்றலாம். நான் பெரும்பாலும் சிரிக்க வைப்பதில்லை, அந்த முறைப்புக்குத்தான் அதன் அழகே.

நிற்கும் பறவை கைக்கு வந்துவிட்டால் பறப்பது எளிது. இரண்டு வளைவைச் சேர்த்துக் குழந்தைகள் போடும் பறவையைத் தள்ளிவிட வேண்டாம், அதில் பாதி உண்மை இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில், நம் மணிக்கட்டு இருக்கும் இடத்தில், ஒரு மடிப்பு வைத்தால் மீதி உண்மையும் வந்துவிடும். அங்கிருந்து நுனி பின்னோக்கிச் சாயட்டும். நுனியைக் கறுத்து, அதில் ஒரு வெள்ளைப் புள்ளியை விட மறக்காதீர்கள்.