பத்தாம் நாள்

கீமோ என்றதும் வீட்டார் என்னிடம் கேட்பதெல்லாம் மருந்து ஏற்றும் நாளைப் பற்றித்தான். எத்தனை மணி நேரமாகும் மிஸ்ஸி, வலிக்குமா, கூட யார் இருக்கலாம்? அன்று தாதிகள் நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம். எனக்குக் கவலை அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நோயாளி தன் வீட்டில் இருக்கும் நாட்கள் அவை.

வேகமாகப் பெருகும் செல்களைத்தான் மருந்து தாக்குகிறது. முடிவேரும் வாயின் உட்தோலும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப் பெருகுபவையே. பல மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஆனால் ஆள் அப்போதுதான் தெம்பாகத் தெரிவார். வாந்தி நின்று பசி திரும்பியிருக்கும். கல்யாண விருந்துக்குப் போய் வரலாமா என்று கேட்பதும் அந்தப் பத்தாம் நாள் வாக்கில்தான்.

அதனால் முதல் சுற்றுக்கு முன்பே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைக்கச் சொல்கிறேன். 38 டிகிரி காட்டினால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதும் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய முதல் வார்த்தை கீமோ. இரண்டு பனடோல் போட்டுப் படுத்துவிட்டுக் காலையில் பார்ப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். பனடோல் சூட்டை இறக்கும், கிருமியைத் தொடாது. வெள்ளணு குறைந்த உடம்பில் சீழ்கூடப் பிடிக்காது. பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. அதையும் மறைத்துவிட்டால், ரத்த அழுத்தம் விழும்போதுதான் தெரியவரும்.

தைப்பூசம் நெருங்கும்போது இன்னும் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. நோய் தீர வேண்டும் என்று பத்துமலைக்கு நேர்ந்துகொண்டவரிடம் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அலகு குத்தும் ஒவ்வொரு துளையும் கிருமிக்கு வாசல். தட்டணுவும் குறைந்திருந்தால் ரத்தம் எளிதில் நிற்காது. காவடியைச் சிகிச்சை முடிந்த பிறகு எடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன். விரதத்தையும் முன்கூட்டிச் சொல்லச் சொல்வேன். சைவமாக இருக்கலாம், பட்டினி கூடாது. பருப்பும் தவ்வும் தெம்பேயும் நன்றாகச் சாப்பிட வேண்டும். புரதம் இல்லாமல் உடம்பு தேறாது.

கீமோ மருந்துகளில் வின்கிறிஸ்டின் நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. இதைக் கேட்டவுடன் இலையைக் காய்ச்சிக் குடிக்கலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் தராத மருந்து அது. கூடினால் நரம்பு கெடும், குடல் அசையாமல் நின்றுவிடும். கஷாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யார் அளப்பது? சமையலில் போடும் மஞ்சள் தூளுக்குத் தடையில்லை, மஞ்சள் மாத்திரை வேறு கதை. சித்த மருந்தோ சின்சே கொடுத்த பொடியோ, எதுவானாலும் பையோடு கொண்டுவந்து காட்டுங்கள். திட்ட மாட்டோம்.

தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்துச் சொத்தையைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பழைய கிருமி சிகிச்சையின்போது விழித்துக்கொள்ளக்கூடும். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றுபவர்கள் சில நாட்களுக்குத் தே ஆயிஸைத் தொடக்கூடாது. குளிர்ச்சி பட்டால் தொண்டையும் விரல்களும் சுரீரென்று இழுக்கும். மருத்துவமனை தந்த அவசரத் தொலைபேசி எண்ணை, ராத்திரியில் கார் ஓட்டப்போகும் பிள்ளையின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.