பெர்சியன் பூனையைக் கோயிலில் விடாதீங்க – குனோங் ராபாட்டிலிருந்து ஒரு வேண்டுகோள்



குனோங் ராபாட்டில் உள்ள எங்கள் கோயிலில் தொண்டு செய்யும் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இந்தப் பதிவைப் போடுகிறோம். வழக்கமாக அன்னதானம், கோத்தோங் ரோயோங், தேவார வகுப்பு பற்றித்தான் எழுதுவோம். இன்றைக்குப் பூனையைப் பற்றி. கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பெர்சியன் பூனை வைத்திருப்பவர்களும், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வாங்க நினைப்பவர்களும் தயவு செய்து கடைசி வரை படிங்க.

எங்கள் கோயிலில் பூனைகள் எப்போதும் உண்டு. வால் முறுக்கிய கம்போங் பூனைகள். மடப்பள்ளிப் பக்கம் எலி பிடிக்கும், மதியம் கொடிமரத்து நிழலில் படுக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு இது புதுசில்லை. அரிசி மூட்டை இருந்த வீட்டில் எல்லாம் ஒரு பூனை இருந்தது. அதற்கு யாரும் தலை வாரி விட்டதில்லை, கண் துடைத்து விட்டதில்லை. அதுவும் யாரையும் நம்பி இருந்ததில்லை.

இந்தச் சில வருடங்களாக வருவது வேறு வகை. சப்பை மூக்கு, உருண்டைக் கண், தரையைத் தொடும் முடி. காலையில் செருப்பு வைக்கும் இடத்தில் ஓர் அட்டைப் பெட்டி இருக்கும். உள்ளே பழைய துண்டு, ஒரு கைப்பிடி பிஸ்கட் தீனி, பக்கத்தில் பூனை. விட்டுப் போனவர்களை நாங்கள் திட்டவில்லை. பூனைப் பாவம் பொல்லாதது என்று நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கொல்லவும் மனசு வராது, வைத்துப் பார்க்கவும் முடியாது. அதனால் "கோயில்ல விட்டா சோறு கிடைக்கும், சாமி பாத்துக்கும்" என்று ஒரு முடிவு.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கம்போங் பூனையை விட்டால் பத்தில் சிலது பிழைக்கும். பெர்சியன் பூனையை விட்டால், தினமும் ஒருவர் கையில் எடுக்காத வரை, அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். அந்தப் பாவம் நம் கணக்கில் இருந்து சாமி கணக்குக்கு மாறிவிடாது.

ஏன் அப்படி? இந்த இனம் மனிதன் கையால் செய்தது. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தபோதே நீள்முடிப் பூனைகள் பரிசுக்கு நின்றன. அப்போது அவற்றுக்கு ஓரளவு மூக்கு இருந்தது. முகம் சப்பையாக இருந்தால்தான் அழகு என்று பிறகு வந்த வளர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இன்றைய முகத்தைக் கொண்டு வந்தார்கள். மூக்குத் துவாரம் சுருங்கியது, கண்ணீர் வடியும் குழாய் வளைந்தது, பல் வரிசை கோணியது. உடம்பில் இரண்டு அடுக்கு முடி. அது குளிர் நாட்டுக்குச் சரி. ஈப்போ மதிய வெயிலுக்கும் சாயங்கால மழைக்கும் அது கம்பளி போர்த்திக்கொண்டு வாழ்வது மாதிரிதான்.

எங்களிடம் வந்ததில் ஒன்றுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தோம். வெள்ளை நிறம். வந்தபோது வெள்ளை தெரியவில்லை. வயிற்றிலும் அக்குளிலும் முடி பலகை மாதிரி இறுகிப் போய், நடக்கும்போது தோல் இழுபட்டது. பின்பக்கம் கழிவு ஒட்டி, ஈ மொய்த்து, முடிக்கு அடியில் புழு இருந்தது. இரண்டு கண்ணிலும் பழுப்புப் பீளை. ஆளைப் பார்த்து ஓடவில்லை. தூக்கினால் அப்படியே கையில் தொங்கியது. நன்றாகப் பழகிய வீட்டுப் பூனை என்று அதிலேயே தெரிந்தது.

கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்து முழு முடியையும் மழித்தார். பல்லைப் பார்த்து ஐந்து வயது இருக்கலாம் என்றார். பல முறை குட்டி போட்டிருக்கிறது என்பதையும் சொன்னார். தண்ணீர் அதிகம் குடிக்கிறது, எடை இல்லை என்று நாங்கள் சொன்னதும் வயிற்றை ஸ்கேன் செய்தார். இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். திரையில் திராட்சைக் குலை மாதிரி கறுப்பு வட்டங்கள்.

இதுதான் பெர்சியன் இனத்தின் பெரிய நோய். பிறக்கும்போதே சின்னக் கட்டிகளாக இருக்கும். வருடா வருடம் வளர்ந்து நல்ல சதையை நெருக்கும். பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் சிறுநீரகம் தளர்வது வெளியே தெரியும். அதற்குள் அந்தப் பூனை பல ஈற்றுக் குட்டி போட்டிருக்கும். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2004இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இதற்கான மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலகட்டத்து ஆய்வுகளில் பெர்சியன் பூனைகளில் ஏறக்குறைய 38 விழுக்காட்டுக்கு இந்த நோய் இருந்தது. இன்றைக்குக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினால் தெரிந்துவிடும். பத்து மாதத்துக்கு மேல் ஆன பூனைக்கு ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரியும். சோதித்து, நோய் இல்லாததை மட்டும் இணை சேர்த்தால் ஒரே தலைமுறையில் அந்தக் குடும்பத்தில் இருந்து இதை நீக்கலாம். மருந்து கொடுத்துக் குணமாக்க முடியாத ஒரு நோயை இவ்வளவு எளிதாகத் தடுக்க முடியும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பஞ்சுவின் குட்டிகள் எங்கே? எங்களுக்குத் தெரியாது. இந்த வட்டாரத்திலேயே ஏதோ ஒரு தாமானில், சில நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய யாரோ ஒருவர் வீட்டில் செல்லமாக இருக்கலாம். சான்றிதழ் எதுவும் இல்லாமல் பெர்சியன் குட்டி வாங்கியவர்கள் ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பாருங்க. பயமுறுத்தச் சொல்லவில்லை. முன்னாலேயே தெரிந்தால் ஈரத் தீனி, பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை என்று பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் பல வருடம் நன்றாக வாழும் பூனைகள் உண்டு.

பஞ்சு வந்த பிறகு கோயிலில் ஒரு பிரச்சினை எழுந்தது. ஒரு பிள்ளைக்குக் கையில் வட்டமாகச் சிவந்து படர்தாமரை வந்தது. அம்மா கோபமாக வந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பெர்சியன் பூனைக்கு இந்தப் பூஞ்சை மற்ற இனங்களை விடச் சுலபமாக வரும், சில பூனைகள் வெளியே ஒன்றும் காட்டாமலே சுமக்கும். கமிட்டியில் இரண்டு கருத்து. "பசார் பக்கம் கொண்டு போய் விட்டுடுங்க" என்றார் ஒருவர். இன்னொரு பெரியவர் அமைதியாகக் கேட்டார்: "அவங்க நம்ம வாசல்ல விட்டாங்க, நாம பசார்ல விட்டா நமக்கும் அவங்களுக்கும் என்னய்யா வித்தியாசம்?" அன்றைக்கே முடிவு செய்தோம். பிள்ளைகள் வரும் இடத்தில் பூனை இருக்கக் கூடாது. அதே சமயம் வெளியே விடவும் கூடாது. எங்களில் ஓர் அக்கா வீட்டுப் பின்னறை பஞ்சுவுக்கு ஆனது. மருந்துச் செலவை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். கோயில் உண்டியல் பணம் ஒரு சென் தொடவில்லை.

இனி, தினசரி பராமரிப்பு. அக்கா வீட்டில் செய்வதை அப்படியே எழுதுகிறோம்.

முடி: தினமும் பதினைந்து நிமிடம், பல் அகன்ற எஃகுச் சீப்பு. முதுகை மட்டும் மேலோட்டமாக வாரினால் போதாது. காதுக்குப் பின்னால், அக்குள், வயிறு, பின்தொடை, இங்கேதான் சிக்கு விழும். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டவே வெட்டாதீங்க. பூனைத் தோல் மெல்லிசு, சிக்கோடு சேர்ந்து மேலே வந்துவிடும், வெட்டினால் பெரிய காயம். சிக்கு எடுத்த பிறகுதான் குளிப்பாட்ட வேண்டும், நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும். குளித்த பின் வேர் வரை காய வேண்டும். வார நேரமில்லை என்றால் முடியைக் குட்டையாக மழித்து வைப்பது பாவமில்லை.

கண்: காலை, மாலை கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சு நனைத்து மெதுவாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பீளை மஞ்சள், பச்சையாக மாறினாலும், கண்ணைச் சுருக்கினாலும், கருவிழி மேல் பழுப்பு அல்லது கறுப்புத் திட்டு தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்க.

மூச்சு: பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது ஆபத்து. மதியத்தில் காற்றாடி, குளிர்ந்த தரை, நிழல் கட்டாயம். காடியில் ஐந்து நிமிடம் கூடத் தனியாக விடாதீங்க.

படர்தாமரை: முடி உதிர்ந்த வட்டம், செதில். மருத்துவர் கொடுக்கும் மாத்திரையும் குளியல் மருந்தும் பல வாரம் ஓடும். முடி முளைத்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, பரிசோதனையில் இல்லை என்று வரணும். அந்தப் பூஞ்சையின் வித்து வீட்டில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால் படுக்கைத் துணி, சீப்பு, தரை எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்யணும். மஞ்சள், எண்ணெய், நம் தோலுக்குப் போடும் களிம்பு எதையும் பூசாதீங்க. பூனை எல்லாவற்றையும் நக்கி விழுங்கும்.

சிறுநீர்: மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால், அதுவும் ஆண் பூனை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. அடைப்பு ஒன்று இரண்டு நாளில் உயிரை எடுக்கும். பெர்சியனுக்குக் கல் வரும் வாய்ப்பு அதிகம். அதே போல எந்தப் பூனையும் ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் சும்மா விடக் கூடாது, கல்லீரல் கெட்டுவிடும்.

கோயிலிலும் பூஜை அறையிலும் கவனிக்க வேண்டியது தனியாக உண்டு. மாலை கட்டிய நூலைப் பூனை விழுங்கினால் குடலை அறுக்கும், நிர்மால்யத்தை மூடிய தொட்டியில் போடுங்க. கற்பூரம் பூனைக்கு விஷம். பூங்கொத்தில் வரும் பெரிய லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே நல்ல சிறுநீரகமும் செயலிழக்கும். பாசத்தில் சிலர் அபிஷேகப் பாலை ஊற்றுகிறார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழியும். கம்போங் பூனை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். நீள்முடிப் பூனைக்கு அது முடியில் ஒட்டி, அங்கேதான் ஈ முட்டை வைக்கும். காய்ச்சல் என்று பெனடோல் மட்டும் கொடுத்துவிடாதீங்க. பாதி மாத்திரையே பூனையைக் கொல்லும். நாய்க்கு உண்ணி மருந்து வாங்கிப் பூனைக்குப் போடுவதும் அப்படித்தான்.

வைணவப் பெரியவர்கள் மார்ஜார நியாயம் என்று ஒன்று சொல்வார்கள். குரங்குக் குட்டி தானே தாயைப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய்தான் கவ்விக்கொண்டு போகும். சரணாகதிக்குச் சொன்ன உவமை அது. பெர்சியன் பூனை வயசானாலும் அந்தக் குட்டி நிலையிலேயே இருக்கிறது. கவ்விப் பிடிக்க வேண்டியது வாங்கியவர் கை. அந்தக் கையை எடுத்துவிட்டு, சாமி கவ்விக்கொள்ளும் என்று சொல்வது பக்தி ஆகாது.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. வளர்ப்பவர் உணவு, இடம், சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும். கொடுமைக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் பூனைக்குத் தலை வாரப் போவதில்லை. மனசு வேண்டும்.

அதனால் எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். தினமும் கால் மணி நேரம் இல்லாத வீட்டில் பெர்சியன் வாங்காதீங்க, வேண்டுமானால் ஒரு கம்போங் குட்டியை எடுத்து வளருங்க. வாங்குவதானால் தாய் தகப்பனுக்குச் சிறுநீரகச் சோதனை நடந்ததா என்று கேளுங்க, மழுப்பினால் எழுந்து வந்துடுங்க. இருக்கும் பூனைக்குக் கருத்தடை செய்துவிடுங்க. இனி முடியவே முடியாது என்றால், இருட்டில் பெட்டியை வைக்காமல் பகலில் வந்து எங்களிடம் பேசுங்க. எதற்கு என்று கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டோம். அதற்கு என்ன மருந்து ஓடுகிறது, என்ன சாப்பிடும், என்ன பெயர் சொன்னால் திரும்பும் என்று சொல்லிவிட்டுப் போனாலே பெரிய உதவி. பஞ்சுவுக்கு நாங்கள் வைத்தது புதுப் பெயர். பழைய பெயர் யாருக்குத் தெரியும்?

பஞ்சுவுக்கு முடி இப்போது இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறது. கடைசி இரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை தோலுக்கு அடியில் உப்பு நீர் ஏற்ற அக்கா கற்றுக்கொண்டார். எவ்வளவு காலம் என்று மருத்துவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிரார்த்தனையில் சேர்த்துக்கொள்ளுங்க. இந்தப் பதிவை உங்கள் தாமான் குழுக்களிலும் பகிருங்க, பஞ்சுவின் குட்டி இருக்கும் வீட்டுக்கு எப்படியாவது போய்ச் சேரட்டும்.

அன்புடன், கோயில் தொண்டர்கள், குனோங் ராபாட்.