டிரம்மில் ஓடும் ஃபில்டர்

மே 5

நாளை அம்மாவை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். இடுப்பெலும்பு ஆபரேஷன் என்பதால் கட்டிலை முன்ஹாலில்தான் போடவேண்டும். அங்கே நிற்கும் மூன்றடி மீன்தொட்டி இன்று ராத்திரிக்குள் பின்னறைக்குப் போயாகவேண்டும். ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும் தொட்டி. மண்ணோடு தூக்கினால் சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும். தண்ணீரை இறக்கி, செடியைப் பிடுங்கி, மண்ணைச் சட்டியில் அள்ளித்தான் நகர்த்தினோம். அடியில் கண்மாய்க் கரம்பை, மேலே ஆற்றுமணல் என்று தனித்தனியாய் இருந்தது. திரும்பக் கொட்டும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது.

மே 6

அம்மா வந்தாயிற்று. தொட்டியில் தண்ணீர் விட்டதும் பால் டீ நிறம். கையை உள்ளே விட்டால் விரல் தெரியவில்லை.

“ஃபில்டரைப் போட்டுவிடுங்க சார், ரெண்டு நாள்ல உறிஞ்சிரும்” என்கிறார் மீன்கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. கேனிஸ்டருக்குள் இருக்கும் செராமிக் வளையங்களின் துளைகளில்தான் பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குவது அதுதான். புதிதாக வளர்த்தெடுக்க வாரக்கணக்காகும். களி போய் அடைத்தால் ஓட்டம் தளரும், பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். கத்திரி வெயில் வேறு. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்குமென்றால் 30 டிகிரியில் ஏழரைதான். மணல் ஏறினால் இம்பெல்லர் அச்சு தேயும், அது தனிச் செலவு.

ஆகவே தாழ்வாரத்து நீல டிரம்மில் பழைய தண்ணீர், மீன்கள், ஃபில்டர் எல்லாம். ஃபில்டர் அங்கே நிற்காமல் ஓடுகிறது. தொட்டி சும்மா கிடந்து தெளியட்டும்.

மே 7

கலங்கல் அப்படியே இருக்கிறது. அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

மே 9

கணக்குப் போட்டுப் பார்த்தேன். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. 2 மைக்ரான் துகள் அசையாத தண்ணீரில் ஓரடி இறங்கவே ஒரு நாள் பக்கம் ஆகிறது. அதில் பாதி விட்டம் என்றால் நான்கு மடங்கு நேரம். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் இறங்கவே இறங்காது.

இரண்டு வாளியில் ஒரே மண்ணைக் கரைத்து வைத்திருந்தேன், ஒன்றில் கேன் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். போர் தண்ணீர்தான் முந்தித் தெளிந்தது! களித்துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை; ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். உப்புத் தண்ணீரின் கால்சியம் அந்தத் தள்ளலை அடக்கித் துகள்களைத் திரளவைக்கிறது. கெய்சரில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதே சுண்ணாம்புச் சத்து. நாகமலைப் பக்கம் வீடு கட்டியவர்கள் எல்லாரும் திட்டும் தண்ணீர் இது.

வாளிகளைப் பார்த்துவிட்டு அம்மா கட்டிலில் இருந்தே சொன்னாள்: “தேத்தாங்கொட்டைய உரசி விடுய்யா. எங்க ஊர்ல கண்மாய்த் தண்ணியத்தான குடிச்சோம். பானைக்குள்ள நாலு சுத்து தேய்ச்சா விடியிறதுக்குள்ள அடி தெரியும்.”

கலித்தொகையிலேயே இருக்கும் வழி இது. சாயங்காலம் கீழமாசி வீதிப் பக்கம் போய் நாட்டு மருந்துக்கடையில் வாங்கி வந்தேன். பொத்தானைப் போலத் தட்டையான, வெளிறிய விதை. மூன்றாவது வாளிக்கு உரசி ஊற்றியிருக்கிறேன்.

மே 10

மூன்றாவது வாளியில் அடி தெரிகிறது. திரிதிரியாகச் சேறு கீழே உட்கார்ந்துவிட்டது.

தொட்டியில் விட மாட்டேன் என்றதும் அம்மாவுக்கு வருத்தம். “குடிச்ச நாங்க செத்தா போனோம்?” எட்டிக்கொட்டையின் இனம்தான் என்றாலும் எட்டியின் ஸ்ட்ரிக்னின் நஞ்சு இதில் கிடையாது. என் பயம் வேறு. பானைத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடுவோம், தொட்டித் தண்ணீர் அங்கேயே கிடக்கும். உரசிய விழுது இந்த வெக்கையில் அழுகினால் ஆக்சிஜனை அதுவே தின்னும்.

பிசியோதெரபி செய்ய வரும் பெண் இன்று வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னாள். இன்னும் நாலு நாள் படுக்கட்டுமே என்று நான் தடுத்தேன்.

“அந்த மெஷின ஒரு மணிநேரம் நிறுத்துனாலே உள்ள இருக்கது செத்துப்போகும்ன. என்னய மட்டும் படுக்கச் சொல்ற” என்று கையை நீட்டினாள் அம்மா.

நின்றாள். வலியில் உதடு கோணிப்போயிற்று.

மே 14

பின்னறைத் தொட்டியில் பின்கண்ணாடி தெரிகிறது. குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்ப, மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்லிய குழாயில் சொட்டவிட்டேன். மதியமே போய்விட்டது. செடியை நட்டபோது மறுபடி கொஞ்சம் புகைந்தது. நட்டு முடித்து ஒரு ராத்திரி விட்டுத்தான் ஃபில்டர்.

மே 15

உறிஞ்சு குழாயின் வாயில் ஸ்பான்ஜ், அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டித் துண்டை ஒற்றையாய்ச் சுற்றி ரப்பர் பேண்ட். இரண்டு மணிநேரத்தில் துணியை உருவினேன். பழுப்பு வழவழப்பு, விரலில் தேய்த்தால் மாவு போலிருக்கிறது, ஒரு மணல் நெருடல்கூட இல்லை. இத்தனையும் வளையங்களுக்குள் போயிருக்கும். துணியைக் குழாயடியில் அலசலாம். ஸ்பான்ஜை மட்டும் தொட்டியில் எடுத்த தண்ணீரில்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும்.

மே 16

துணியை மூன்று தடவை மாற்றினேன். அம்மா ஹாலைத் தாண்டவில்லை. பேசவும் இல்லை.

மே 23

மின்தடை. கேனிஸ்டரை மூடியபடி விட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட நீரைத் தொட்டிக்குள் கக்கும். வளையங்களை அகலத் தட்டில் தொட்டித் தண்ணீரோடு பரப்பி, பேட்டரி ஏர்பம்ப் வைத்தேன். அம்மாவுக்கு விசிறிவிட்டது மனைவி.

ஜூன் 2

துணியில் இப்போது ஒன்றும் படிவதில்லை, எடுத்துவிட்டேன். ஸ்பான்ஜ் இருக்கட்டும். ஆனால் காலை வெயில் படும்போது தண்ணீரில் இன்னும் ஒரு மங்கல். களியா பாக்டீரியாப் புகையா, பிரித்தறிய முடியவில்லை. பார்ப் மீன் ஒன்றையும் காணோம்.

அம்மா வாக்கரோடு பின்னறை வாசல்வரை வந்தாள். தொட்டியை ஹாலுக்குத் திரும்பக் கொண்டுவா என்கிறாள். கட்டில் அங்கே இருக்கும்வரை இடமில்லை.

நாளை காலை 9 முதல் மாலை 5 வரை மறுபடி மின்தடையாம். ஏர்பம்பைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.