அந்தி நிறத்தில் ஒரு மை

நண்பர்களின் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்துவோர்க்கு மையின் நிறம் சிறிய விஷயமன்று. சிவப்பு தேர்வுத்தாளை நினைவூட்டுகிறது. எழுதியவர் திருத்தத்தைப் படிக்குமுன்பே தண்டனை பெற்றவராகிவிடுகிறார். நீலமும் கறுப்பும் அவருடைய எழுத்தோடு கலந்து மறைகின்றன. இவற்றுக்கு நடுவே ஒரு நிறம் வேண்டித்தான் பைலட் நிறுவனத்தின் 'யூயாக்கே' மையைப் பரிசோதித்தோம்.

ஜப்பானில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய 'இரோஷிசுகு' வரிசையைச் சேர்ந்தது இது. வரிசையின் பெயருக்கு வண்ணத்துளி என்றும், இந்த மையின் பெயருக்கு அந்திச் செவ்வானம் என்றும் பொருள். 50 மி.லி. புட்டியின் தடித்த அடிக்கண்ணாடியில் ஒரு குழிவு உண்டு. கடைசித் துளிகளும் பேனாவுக்கு எட்டும்படி அதில் வந்து சேரும்.

நிறம் பளீரென்று கூவுவதில்லை, அடங்கிய செம்மஞ்சள். மெல்லிய முள்ளில் சற்று வெளிறிப்போய், மஞ்சள் விளக்கொளியில் படிக்கச் சிரமம் தந்தது. நடுத்தர முள்ளுக்கு மாற்றியதும் தெளிந்தது. கோடு ஓடும் இடத்தில் வெளிர்ந்தும், நிற்கும் இடத்தில் அடர்ந்தும் காய்கிறது. தமிழ் எழுத்துக்கு இது தனி அழகு: வளைவின் முடிவிலும் மெய்யின் தலையிலும் மை தேங்குகிறது. வழக்கமாக நாம் அவசரமாக இட்டுச்செல்லும் புள்ளி, பக்கத்தில் முதலில் கண்ணில் படுகிறது.

காய்ந்த வரியொன்றின்மீது நீர்த்துளி இட்டு ஒற்றியெடுத்தோம். எஞ்சியது மங்கிய தடம் மட்டுமே. இது நீரில் கரையும் சாயமை. இரும்பு உப்பு சேர்ந்த பழைய பாணி மைகளைப் போலக் காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளைப் பற்றிக்கொள்வதில்லை. ஆதலால் கையொப்பத்துக்கோ, காக்கவேண்டிய பிரதிக்கோ இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

திருத்தத்துக்கு அக்குறை தடையன்று. ஒரே பத்தியை இரு நகல்களில், ஒன்றைச் சிவப்பிலும் மற்றொன்றை இந்த மையிலும் திருத்திப் பார்த்தோம். சிவப்பில் "இவ்வரி வேண்டாம்" என்று எழுதிய கை, இதில் "இவ்வரி வேண்டுமா?" என்று எழுதியிருந்தது. முடிவை எழுதியவரிடமே விட்டுவிடும் கேள்வி அது. அவர் ஏற்றால் தம் மையில் எழுதிக்கொள்வார். ஏற்காவிடில் எங்கள் குறிப்பு மங்கிப்போவதில் யாருக்கும் இழப்பில்லை. நிலைக்கவேண்டியது அவருடைய வரிதான்.