பூட்டிய மூடி

எந்த இயந்திரமும் காரணமின்றி நிற்பதில்லை. காரணத்தை எங்கே தேடுவது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். இதை எங்களுக்குக் கற்றுத் தந்தது, தஞ்சையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த பழைய பெட்ரோல் கார்.

தந்தையார் வாங்கிய கார் அது. அவர் மறைந்தபின் அதைப் பேணும் பொறுப்பு கணவனும் மனைவியுமான எங்களுக்கு வந்தது. அடுத்த தெருவில் குடியிருந்த தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துச் செல்வான். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவன் காரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் முள் கூடுதலாகத் தாழ்ந்திருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மாறாக, கடைத்தெருவில் சாவி போட்டுப் பூட்டும் பெட்ரோல் தொட்டி மூடி ஒன்றை வாங்கி மாட்டினோம். அடுத்த ஞாயிறன்று தம்பி வந்தான், மூடியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான். அதன்பின் அவன் காரைக் கேட்டு வரவேயில்லை.

மே மாதத்தில் அம்மாவுக்குத் திருச்சியில் கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். பயணத்தை முன்னிட்டு முதல்நாள் மாலையே தொட்டி நிறையப் பெட்ரோல் நிரப்பினோம். விடியற்காலையில் புறப்பட்டோம். செங்கிப்பட்டியைக் கடந்ததும் கார் இருமுறை குலுங்கி நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழன்றது. இன்ஜினோ உயிர் பெறவில்லை. அரைமணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினோம், ஓடியது. சற்றுத் தொலைவு சென்றதும் மீண்டும் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் சாய்ந்திருந்த அம்மா, "சின்னவனைக் கூப்பிடுங்களேன்" என்றார்கள்.

கூப்பிடுவதற்கு எங்களுக்கு நாக்கு எழவில்லை. ஆயினும் வேறு வழியில்லாமல் தொலைபேசியில் அழைத்தோம். "வர்றேண்ணே" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். ஒரு மணி நேரத்திற்குள், வயதான மெக்கானிக் ஒருவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பெட்ரோலில் அழுக்கு இருக்கலாம் என்றோம்; பம்பு கெட்டிருக்கலாம் என்றோம். மெக்கானிக் எதையும் காதில் வாங்கவில்லை. "ஒண்ணொண்ணா பார்ப்போம் சார்" என்று மட்டும் சொன்னார். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்வதால் பேட்டரியைக் குறை சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்போடு ஒட்டிவைத்துச் சுழற்றச் சொன்னார், நீலப்பொறி தெறித்தது. ஆக, நெருப்புக்கும் குறைவில்லை. ஆனால் பிளக்கின் நுனி உலர்ந்திருந்தது. இன்ஜின் பசியோடிருந்தது, உணவுதான் வந்து சேரவில்லை.

அடுத்து, பெட்ரோல் வரும் வழியிலேயே பின்னோக்கிப் போனார். தீப்பொறி எழாதபடி காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை ஒரு புட்டியில் விட்டு இன்ஜினைச் சுழற்றச் செய்தார். விட்டு விட்டுப் பீறிட வேண்டிய பெட்ரோல் நான்கு சொட்டோடு நின்றது. பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் அழுக்கில்லை. உள்ளிருந்த ரப்பர் சவ்வும் கிழியவில்லை. "பம்பு உறிஞ்சுது சார். ஆனா அந்தப் பக்கம் யாரோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றவர், கையை நீட்டினார். "டாங்க் சாவியைக் குடுங்க."

சாவியைக் கொடுத்தபோது தம்பி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று நீண்ட பெருமூச்சுப் போன்ற ஓசையோடு தொட்டி காற்றை உள்ளிழுத்தது. குழாய்களைப் பழையபடி பொருத்திச் சாவியைத் திருப்பினார். ஐந்தாறு சுற்றில் இன்ஜின் ஓடத் தொடங்கியது.

விளக்கம் எளியது. தொட்டியிலிருந்து பெட்ரோல் வெளியேறினால் அந்த இடத்தைக் காற்று நிரப்பியாக வேண்டும். அந்தக் காரின் பழைய மூடியில் அதற்கென்றே ஊசிமுனையளவு துளை இருந்தது. நாங்கள் வாங்கிய மூடியில் அது இல்லை. காற்று புக வழியில்லாமல் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டது. தொட்டி பாதி காலியாக இருந்த நாட்களில் உள்ளிருந்த காற்றே ஈடுகொடுத்ததால் உள்ளூர்ப் பயணங்களில் குறை தெரியவில்லை. நிறைய நிரப்பிய அன்றுதான் விரைவில் தெரிந்தது. காத்திருந்த வேளையில் எங்கோ ஓர் இடுக்கில் சிறிது காற்றுக் கசிந்ததால்தான் இடையில் ஒருமுறை ஓடியது.

இன்றைய கார்களின் அமைப்பு வேறு. அவற்றில் பெட்ரோல் பம்பு தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது கேட்காவிடில் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். குழாயில் அழுத்தம் மிகுதி. ஆதலால் நாமே அதைக் கழற்றுவது ஆபத்து. ஆனால் தேடும் முறை மாறவில்லை. மின்சாரம் உண்டா, பொறி உண்டா, பெட்ரோல் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால், கார் தானே பதில் சொல்லிவிடும். நாங்கள் காரிடமும் கேட்கவில்லை, தம்பியிடமும் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்பெழுதி, அதற்கு ஒரு பூட்டும் போட்டோம்.

அன்று பிற்பகலில்தான் திருச்சி போய்ச் சேர்ந்தோம். அறுவை மறுநாளுக்குத் தள்ளிப்போனாலும் நல்லபடி முடிந்தது. இரவு முழுவதும் அம்மாவின் அருகில் விழித்திருந்தவன் தம்பிதான்.

வீடு திரும்பியதும் பழைய மூடியைத் தேடி எடுத்து மாட்டினோம். காரின் சாவியைத் தம்பி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மன்னிப்பாகச் சொல்ல நினைத்திருந்த சொற்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை வேணுமில்ல, வச்சுக்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவன் வாங்கிக்கொண்டான்.

எத்தனை லிட்டர் குறைந்தது, எதனால் குறைந்தது என்று அதன்பின் நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பூட்டு மூடி மட்டும் இன்னும் எங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. யார்மீதாவது ஐயம் எழும்போது அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கிறோம்.