மோட்டார் மேல் விழுந்த பழி

மோட்டார் போட்டால் வீடு முழுக்கக் கரண்டு போய்விடுகிறது என்பதுதான் புகார். மேற்கு மாம்பலத்தில் பழைய மாடி வீடு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இந்தத் தொல்லை. முன்னால் வந்து பார்த்தவர் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்பி, காசு கொடுத்து, திரும்ப மாட்டிய அன்று சாயங்காலமே மறுபடியும் ட்ரிப்.

நான் கூடப் போன வயர்மேன் அண்ணன் மோட்டார் இருக்கும் பக்கமே போகவில்லை. டிபி பெட்டியைத் திறந்து, எது விழுந்திருக்கிறது என்று பார்த்தார். விழுந்திருந்தது ஆர்சிசிபி. "எம்சிபி விழுந்தா லோடு, இல்லாட்டி ஷார்ட்டு. இது விழுந்தா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம்."

எம்சிபிக்குள் இரண்டு காவல். லோடு கூடினால் சூட்டில் வளைகிற உலோகப் பட்டை. ஷார்ட் ஆனால் நொடியில் இழுத்துவிடும் காயில். ஆர்சிசிபிக்கு இந்த இரண்டும் வேலையில்லை. பேஸில் போன கரண்டு அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்பதை மட்டும் அது கணக்குப் பார்க்கும். வீடுகளில் மாட்டுவது 30 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய ஒரு 7 வாட் பல்பு எடுக்கிற அளவு வழி தவறிப் போனாலே மொத்த வீட்டையும் அணைத்துவிடும்.

வீட்டுக்கார அம்மா விவரமானவர். எல்லா எம்சிபியையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்திருக்கிறார். லைட்டு சர்க்யூட்டை இறக்கி வைத்தும், மோட்டார் போட்டதும் ட்ரிப் ஆனது. அப்புறம் மோட்டாரைத்தானே சந்தேகப்படுவார்?

தடம் புரண்டது அங்கேதான். அந்த டிபியில் இருந்தவை சிங்கிள் போல் எம்சிபிகள். பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல்கள் எல்லாம் ஒரே பித்தளை லிங்கில் சேர்ந்தேதான் கிடக்கும். ஏதோ ஒரு லைட்டின் நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால், அந்த எம்சிபியை இறக்கியும் பயனில்லை. லோடு இல்லாதவரை தெரியாது. மோட்டார் ஓடும்போது, அதன் கரண்டில் ஒரு பங்கு திரும்பும் வழியில் எர்த்துக்குள் நழுவிவிடும். தப்பு ஒரு இடம், தண்டனை வேறிடம்.

மெயினை இறக்கினார். எரிகிற பாயின்டில் முன்பே தொட்டுச் சரிபார்த்த டெஸ்டரால் மறுபடி தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் லிங்கில் கை வைத்தார். நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் நடுவே, இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் பிடித்தார். ஒரு மெகோமுக்குக் கீழே காட்டினால் சந்தேகப்பட வேண்டும். ஹால், படுக்கையறை, சமையல்கட்டு மூன்றும் நல்ல ரீடிங். மாடிப்படி லைட்டு லைனில் முள் சுழியை ஒட்டி நின்றது.

லைனை ஓரத்திலிருந்து தேடிக்கொண்டு போகவில்லை. நடுவிலிருக்கும் ஜங்ஷன் பாக்ஸைப் பிரித்து, கீழ்ப்பாதி, மேல்பாதி என்று தனித்தனியாகச் சோதித்தார். கீழே சுத்தம். "மேல ஏறுடா தம்பி" என்றதும் ஹெல்பர் பையன் ஏணியைத் தூக்கினான்.

மொட்டைமாடி வாசலுக்கு மேலே எப்போதோ ஹோல்டரைக் கழற்றிவிட்டு, ஒயரை முறுக்கி டேப் சுற்றி, இரும்புப் பெட்டிக்குள் திணித்திருந்தார்கள். தளத்துக்குள் ஓடும் பைப் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி டேப் ஊறிப்போய், நியூட்ரல் முறுக்கு துருப்பிடித்த பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. பெட்டிக்கு எர்த் உண்டு. ஸ்விட்ச் நிற்பது பேஸில் மட்டும்தான். ஆகவே வருஷக்கணக்காக எரியாத பாயின்டாக இருந்தாலும் நியூட்ரல் அங்கே வந்து உட்கார்ந்திருக்கத்தான் செய்யும்.

ஊறின நுனியை வெட்டி, உலர்ந்த ஒயரை கனெக்டரில் முடித்து, பிளாஸ்டிக் பெட்டி மாட்டினார். மெக்கர் நல்ல ரீடிங் காட்டியது. மோட்டாரும் ஓடியது.

அதற்குப் பிறகு கூலிப் பேச்சு.

"ஒரு சின்னப் பெட்டிதானே மாத்துனீங்க? அதுக்கா எழுநூறு?"

"கண்டுபிடிச்சதுக்கும்மா."

ரீவைண்டிங்குக்கு முனகாமல் ஆயிரங்களை எடுத்துவைத்த வீடு அது. அங்கே கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் இருந்தது. தேடிய நேரத்துக்குப் பில் போட இந்தத் தொழிலில் இன்னும் வழியில்லை. ஆர்சிசிபியைத் தாண்டி டைரக்டாக ஒயர் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள், காசும் குறைவு. வீட்டுக்காரர்களுக்கும் ட்ரிப் ஆகாமல் இருந்தால் போதும். அண்ணன் அந்த வேலையை எடுப்பதில்லை, அதனால் சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறார்.

அறுநூறுக்குப் பேசி முடிந்தது. கிளம்பும் முன் ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனைக் காட்டி, மாசத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். "அமுக்குனா கரண்டு போயிடுமே?" என்றார் அம்மா.

"போகணும்மா. போகலைன்னா எனக்குப் போன் போடுங்க."