நால்வருக்கு ஒரு நூல்

தையல், தபால்தலை சேகரிப்பு எனப் பொழுதுபோக்குகள் பல உண்டு. கொருக்குப்பேட்டைத் தோழியர் நால்வராகிய எங்களுக்குப் பிடித்தது, ஒரே நூலை வாரம் ஒருவராகப் படிப்பதுதான்.

இவ்வாண்டு கிடைத்தது ஆனி பிராங்க் எழுதிய நாட்குறிப்பு. நாஜிகளுக்கு அஞ்சி, 1942 முதல் ஈராண்டுகள் ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி. கீழே வேலையாட்கள் இருக்கும்வரை காலடி ஓசைகூடக் கேட்கக்கூடாதாம்! சரக்கு ரயில் சத்தத்திலேயே உறங்கிப் பழகிய எங்களுக்கு அது விந்தையாயிருந்தது. தேவாலய மணியோசை அவளுக்கு ஆறுதல் தந்தது என்பது மட்டும் உடனே புரிந்தது. 1945-இல் முகாமில் மாண்டபோது அவளுக்கு எங்கள் வயது, 15.

எங்களில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாள். வீட்டில் தம்பி தங்கையரைப் பார்க்க ஆளில்லை. அவளுடைய வாரத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நூலைத் திருப்பித் தரும்போது, "எனக்கும் ஒரு நோட்டு வாங்கிட்டு வாங்கடி" என்றாள். மூவரும் காசு சேர்த்து, பெரிய நோட்டாகவே வாங்கினோம்.